பன்னிரண்டாவது கட்டில்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரிசோதகர் வருகிறார் என்ற கடிதம் அதே வாரம் திங்கட்கிழமைதான் தண்ணீரூற்றுக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. அரசாங்கத்துக்கு என்ன, தாளில் இரண்டு வரி தட்டி அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது. இங்கே ஒரு மடமே தலைகீழாகப் புரண்டது.

மடம் என்றால் வயோதிபர் மடம். ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிவைத்த நீளக் கட்டடம் அது. ஊர்ச்சபை அதைத் துப்புரவாக்கி, கூரை வேய்ந்து, ஐந்து வருடமாக நடத்திவந்தது. சைவக் கிழவர், வேதக்காரக் கிழவர் என்ற பேதமில்லாமல் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கிழக்குச் சுவரில் பிள்ளையார் படம், மேற்குச் சுவரில் மாதா படம், இரண்டுக்கும் நடுவில் கமலாசனி. மேற்பார்வை அவள், தாதி அவள், குசினியில் ஆள் வராத நாளில் சமையலும் அவள். வயது முப்பத்தெட்டு, சொந்தப் பிள்ளைகள் இல்லை, உட்கார நேரமும் இல்லை.

சபைத் தலைவர் சிற்றம்பலம் விதானையார் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். பரிசோதனையில் தேறினால் மடம் பதிவாகும். தேறாவிட்டால் ஆடி மாதத்தோடு மூட வேண்டும். உள்ளவர்களை லொறியில் ஏற்றித் தூரத்தில் உள்ள ஏதோ பெரிய மடத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள்.

“லொறியிலையோ?” என்று கேட்டார் ஏரம்பர். மடத்தில் மூத்தவர், எண்பதைத் தாண்டியவர். அவருடைய யன்னலால் பார்த்தால் குளக்கட்டு தெரியும். அந்தக் குளத்துத் தண்ணீரில் ஐம்பது போகம் வெள்ளாண்மை செய்தவர். “என்னை ஏத்திறதெண்டால் விறகோடை சேர்த்து ஏத்தச் சொல்லுங்கோ. போற வழியிலை உதவும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. கலங்கி நிற்க நேரமில்லாததால் கமலாசனி சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்பது மடம் தொடங்கிய நாளிலேயே ஆங்கிலச் சுற்றறிக்கையில் வந்திருந்தது. அதை வாசித்து விளங்கப்படுத்தியவரும் விதானையார்தான். ஆட்கள் பன்னிரண்டுக்குக் குறையக்கூடாது. ஆளுக்கொரு கட்டில், கட்டிலுக்குக் கட்டில் மூன்றடி இடைவெளி. தீ அணைக்க மணல் வாளி. கடைசியாக, எல்லாரும் ஆதரவற்றவர்களாய் இருக்க வேண்டும்.

“அதாவது பிள்ளை குட்டி இல்லாதவை” என்று அன்றைக்கே சொல்லியிருந்தார் விதானையார்.

“அப்பிடியே எழுதிக் கிடக்கோ, ஐயா?” என்று கமலாசனி அப்போது கேட்டாள்.

“பிள்ளை இருக்கிறவனுக்கு ஆதரவில்லையெண்டு நீ எந்த ஊரிலை கேள்விப்பட்டனி, பிள்ளை?”

நியாயமான கேள்விதான். ஊரில் ஒருவரும் அதற்கு மறு கதை கதைக்கவில்லை. அதன்படியே மடத்துக்கு வந்த ஒவ்வொருவரையும் “பிள்ளைகள் உண்டா?” என்று கேட்டார்கள், ஒவ்வொருவரும் “இல்லை” என்றார்கள், கமலாசனி பதிவுப் புத்தகத்தில் “இல்லை” என்று எழுதினாள்.

செவ்வாயும் புதனும் மடத்தில் திருவிழாதான். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அடித்த சுண்ணாம்பில் பாதி ஏரம்பரின் முதுகில் இருந்தது. கிணற்றடியில் தூண் நட்டுக் கைபிடித்து நடக்கக் கயிறு கட்டினார்கள். மடத்தில் அதுவரை எல்லாரும் பாயில்தான் படுத்தார்கள் என்பதால் கட்டிலுக்கு ஊரெல்லாம் வண்டில் போனது. விதானையார் வீட்டிலிருந்து அவருடைய கலியாணக் கட்டில் வந்தது, நான்கு காலிலும் கிளி செதுக்கியது. ஒரு மடக்குக் கட்டில், இரண்டு இரும்புக் கட்டில், இன்னொன்று யாரோ காய்ச்சலில் கிடந்தவரை எழுப்பிவிட்டுக் கழற்றி வந்தது. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. கமலாசனிக்கு எல்லாம் அழகாய்த்தான் தெரிந்தன.

வந்த கட்டிலில் படுக்கத்தான் ஆள் இல்லை. “விழுந்தால் ஆர் பொறுப்பு?” என்றாள் இலட்சுமி ஆச்சி. பகலில் கட்டிலின் விளிம்பில் மரியாதையாக இருப்பாள். விளக்கணைத்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். மேலே கூரை மாதிரிக் கட்டில் இருந்தால் பல்லி விழாது என்பது அவளுடைய கணக்கு.

சிவப்புப் பூச்சுப் பூசிய மணல் வாளி ஏரம்பரின் தலைமாட்டில் தொங்கியது. அரைநாளுக்குள் அவர் அதை வெற்றிலை துப்பும் படிக்கமாக்கிவிட்டார். கமலாசனி மணலை மாற்றினாள். அவர் மறுபடி துப்பினார். மூன்றாம் தரம் அவள் வாளியைப் பார்க்காமலே போய்விட்டாள்.

புதன்கிழமை ஒத்திகை. விதானையார் பரிசோதகராகக் கதிரையில் இருந்து, கழுத்தில் சால்வையைக் கழுத்துப்பட்டிபோல் முடிச்சுப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“சாப்பாடு எப்பிடி?”

“உப்புக் குறைவு” என்றார் ஏரம்பர்.

“எட! திறமெண்டு சொல்லுங்கோ!”

“திறம். உப்புத்தான் குறைவு.”

“பிள்ளைகள்?”

“இல்லை.” இதை மட்டும் எல்லாரும் பிசகாமல் சொன்னார்கள். இலட்சுமி ஆச்சி மாத்திரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்திச் சொன்னாள். காது மந்தம் என்று கமலாசனி நினைத்தாள்.

எல்லாம் ஆயத்தம். குறை ஒன்றுதான். பன்னிரண்டாவது ஆள் இல்லை.

பன்னிரண்டாவது ஆள் யாகப்பு. முள்ளிவாய்க்கால் கடற்கரையில் பிறந்து கடலோடு கிழடானவர். கண் பார்வை மங்கிவிட்டது, குரல் மங்கவில்லை. கரைவலைக் காலம் வந்தால் மடத்தில் அவரைக் கட்டிப்போட்டாலும் நிற்கமாட்டார். வலை இழுப்பவர்களுக்கு அம்பா பாட்டு எடுத்துக் கொடுக்கத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று பத்து மைல்கட்டை தூரம் நடந்து போவார். ஒரு வாரம் கழித்து வருவார். இந்த முறை போய்ப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. சொல்லி அனுப்பியும் பதில் இல்லை.

“ஊரிலை ஆரையும் ஒரு நாளைக்கு இரவல் கேட்டுப் பாப்பம்” என்றார் விதானையார், வியாழக்கிழமை காலை.

கேட்டும் பார்த்தார். கலியாணக் கட்டில் தந்த ஊர், ஒரு கிழவனைத் தரவில்லை. ஒருமணி நேரத்துக்கென்றாலும், “தாய் தகப்பனை மடத்துக்கு அனுப்பினவன்” என்ற பெயர் விழுந்தால் ஏழு தலைமுறைக்கும் போகாதே. விதானையார் வெயிலில் அலைந்துவிட்டு வந்து கமலாசனியைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்கு உடனே விளங்கியது.

“ஐயோ, மாமியோ!” என்றாள்.

கமலாசனியின் மாமி அன்னப்பிள்ளை எழுபதைக் கடந்தவள். நாக்கில் இஞ்சி அரைத்துப் பூசிய மாதிரிக் கதைப்பாள். மருமகள் மடத்து வேலைக்குப் போவது தொடக்கத்திலிருந்தே அவளுக்குப் பிடிக்காது. “ஊர்க் கிழடுகளைக் குளிப்பாட்டுறவள்” என்று வாசலில் வைத்தே சொல்லுவாள். பின்னேரம் வீட்டுக்கு வரும் கமலாசனி கிணற்றடியில் தலை முழுகாமல் குசினிக்குள் கால் வைக்க முடியாது, மாமியின் மேலில் கை படவும் கூடாது. ஐந்து வருடமாக இதுதான் வீட்டுச் சட்டம்.

அன்று பின்னேரம் முழுகி, ஈரத் தலையோடு, கமலாசனி மாமியின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே விசயத்தைச் சொன்னாள். வெடி விழப்போகிறது என்று காத்திருந்தாள். விழவில்லை.

“உங்கை கட்டில் கிட்டில் எல்லாம் கிடக்காம்?” என்றாள் அன்னப்பிள்ளை.

“ஓம், மாமி.”

“என்ரை தலகணியைத்தான் கொண்டு வருவன். வெத்திலைத் தட்டமும்.”

“ஒண்டே ஒண்டு, மாமி. பிள்ளையள் இருக்கோ எண்டு கேட்டால் இல்லையெண்டு சொல்ல வேணும்.”

கிழவி காலை இழுத்துக்கொண்டாள். “பாப்பம்” என்றாள்.

அன்றிரவு கமலாசனி பதிவுப் புத்தகத்தை எடுத்து யாகப்பின் பெயருக்கு நேரே “விலகினார்” என்று எழுதினாள். அந்த மனுசனுக்குத் துரோகம் செய்வது போலிருந்தது. அதற்குக் கீழே “அன்னப்பிள்ளை, பிள்ளைகள் இல்லை” என்று எழுதிவிட்டு, உள்ளே படுத்திருக்கும் தன் புருசன் தவராசாவை எட்டிப் பார்த்தாள். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான், பாவம்.

வெள்ளிக்கிழமை காலை தவராசாவே வண்டில் கட்டித் தாயைக் கொண்டுவந்து இறக்கினான். இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். அம்மா மடத்துக்குள் போவதைப் பார்த்த பிறகு போக மனம் வராமல், எதிரே பாலை மரத்தின் கீழ் மாட்டை அவிழ்த்து வைக்கல் போட்டுக்கொண்டு நின்றான்.

பத்துக்கு வர வேண்டிய ஜீப் பத்தேகாலுக்கு வந்தது. பரிசோதகர் கனகலிங்கம் வவுனியாவிலிருந்து புழுதி குடித்து வந்த மெலிந்த மனிதர். நெற்றியில் விபூதி, கையில் அளவுநாடா. நிறைகுடம் வைத்த வாசலில் அரை நிமிடம் நின்று கும்பிட்டார். அடுத்த நிமிடம் கட்டில்களுக்கு இடையில் நாடாவைப் பிடித்தார்.

“இரண்டேமுக்கால் அடி.”

விதானையார் முழங்காலால் கட்டிலைத் தள்ளினார். “இப்ப பாருங்கோ, ஐயா.”

“கட்டிலுக்குக் கீழை ஆரின்ரை பாய்?”

“பூனையின்ரை, ஐயா.”

“தலகணியோடையோ?”

கமலாசனி உதட்டைக் கடித்தாள். பரிசோதகர் மணல் வாளியை எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “மணல் ஏன் சிவந்து கிடக்கு?”

“நெருப்பு வாளியெல்லோ, ஐயா” என்றார் ஏரம்பர். “சிவப்பாத்தான் இருக்கும்.”

பரிசோதகரின் மீசை கொஞ்சம் அசைந்தது. குசினி பார்த்தார், கிணறு பார்த்தார், மருந்து அலுமாரி திறந்து பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் சரி போட்டார். கமலாசனி ஒவ்வொரு சரியையும் விரல் மடித்து எண்ணினாள். தேறிவிடும் போலிருக்கிறதே! ஏரம்பருக்கு லொறி இல்லை, ஒருவருக்கும் லொறி இல்லை!

இனி ஆட்களைக் கேட்பதுதான் மிச்சம். விதானையார் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஏரம்பரிலிருந்து தொடங்கி, பதினொரு பேரைக் கேட்டுக் களைத்த பிறகு வாசலோரத்து அன்னப்பிள்ளையிடம் வந்தால் பரிசோதகர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். பரிசோதகரோ காற்று வரட்டும் என்று கதிரையை வாசலோரம் இழுத்துப் போட்டு, பக்கத்தில் இருந்தவளிடமே முதலில் திரும்பினார்.

“பேர்?”

“அன்னப்பிள்ளை.”

“பிள்ளையள்?”

வண்டிலில் வரும்போது மூன்று முறை சொல்லிப் பார்த்தவள்தான். வாயும் திறந்தாள். திறந்த வாயோடு வாசலால் வெளியே பார்த்தாள். பாலை மரத்தின் கீழ் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு மகன் நின்றான். பெற்ற பிள்ளை கண்முன்னே குத்துக்கல்லாட்டம் நிற்க, அவன் இல்லை என்று ஒரு தாய் சொல்லலாமா? வெள்ளிக்கிழமை வேறு. வாய்ச்சொல் பலித்தால்?

“இருக்கு” என்றாள் அன்னப்பிள்ளை. “ஒரே மகன். தவராசா. உந்தா, மாட்டுக்கு வைக்கல் போட்டுக்கொண்டு நிக்கிறான்.”

பரிசோதகர் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்ட தவராசா, என்ன ஏது என்று தெரியாமல் தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டான்.

“ஆச்சிக்குக் கொஞ்சம் மறதி, ஐயா” என்று விதானையார் குறுக்கே விழுந்தார்.

“ஆருக்கு மறதி? அவன் பிறந்த முப்பத்தொராம் நாள் சடங்குக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டனீரெல்லோ, விதானை! உசிரோடை இருக்கிற பிள்ளையை இல்லையெண்டு ஒரு தாய் தன்ரை வாயாலை சொல்லுறதோ? அப்பிடிச் சொல்லித்தான் உங்கடை மடம் நிக்க வேணுமோ?”

முடிந்தது. கமலாசனி கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த கட்டிலிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

“எனக்கும் இருக்கு.”

இலட்சுமி ஆச்சி. கட்டில் விளிம்பில் இருந்தபடி இரண்டு விரலைக் காட்டினாள். “ரெண்டு பெட்டையள். மூத்தவள் சரசு. இளையவள் பாக்கியம். பாக்கியத்துக்கு என்ரை மூக்கு.”

“ஆச்சி!” என்றாள் கமலாசனி.

“எனக்கு மூண்டு பொடியங்கள்” என்று அந்தக் கோடியிலிருந்து ஏரம்பர் முழங்கினார். “மூத்தவன் அரசாங்கக் கச்சேரியிலை எழுத்து வேலை! கையெழுத்து முத்து முத்தாயிருக்கும்!”

அவ்வளவுதான், அணை உடைந்தது. ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குப் பெயர்கள் பாய்ந்தன. மகன், மகள், மருமகன், பேரன், பேரனுக்குப் பல் முளைத்த கதை. கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் சொல்வதுபோல முந்தியடித்துக்கொண்டு சொன்னார்கள். பேசவே பேசாத கிழவர் ஒருவர் எழுந்து நின்று, கொழும்பில் இருக்கும் தன் மகனின் முழுப்பெயரையும் உத்தியோகத்தையும் ஒப்புவித்துவிட்டு மூச்சு வாங்கினார். சிரிப்பும் அழுகையுமாய் மடம் குலுங்கியது. ஐந்து வருடமாக இவர்களுக்குத் தலை வாரி நகம் வெட்டியவள் கமலாசனி. ஒரு பிள்ளையின் பெயர்கூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபத்தை விடப் பெரிதாக ஒரு சந்தோசமும் வந்தது.

“ஏன் ஒளிச்சனீங்கள்?” என்று கத்தினாள்.

“இல்லாதவையைத்தானே எடுப்பினம் எண்டியள்” என்றாள் இலட்சுமி ஆச்சி. “பிள்ளையள் இருக்க மடத்திலை இருக்கிறனெண்டால் அதுகளுக்குத்தானே மானக்கேடு, மோனை.”

பரிசோதகர் பேனாவை மூடினார். “பிள்ளையள் இருக்கப்படாதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, விதானையார்?”

“சுற்றறிக்கையிலை கிடக்கு, ஐயா.”

“எடுங்கோ பாப்பம்.”

விதானையார் எடுத்துக் கொடுத்தார். பரிசோதகர் மேலிருந்து கீழாக வாசித்தார். “இதிலை பிள்ளையளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆதரவு உண்டோ இல்லையோ எண்டுதான் கேட்டிருக்கு.”

“பிள்ளை இருந்தால் ஆதரவு இருக்கும்தானே, ஐயா?”

பரிசோதகர் கட்டில் வரிசையைப் பார்த்தார். “அப்பிடியெண்டால் எனக்கு இந்த வேலையே இருந்திராது” என்றார். பேனாவைத் திறந்தார். “சரி, மற்றக் கோடியிலிருந்து வருவம். ஏரம்பர், மூண்டு மக்கள். ஆதரவு?”

முழங்கிய குரல் எங்கே போனதோ. “இல்லை, ஐயா” என்றார் ஏரம்பர்.

பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள், சொன்னது ஒன்றுதான். பதினோராவது இலட்சுமி ஆச்சி. “அவளவை நல்லவளவை, ஐயா. வீட்டிலை இடமில்லை, அவ்வளவுதான். இல்லையெண்டு எழுதுங்கோ. ஆனால் நல்லவளவையெண்டும் எழுதுங்கோ.” பரிசோதகர் இரண்டையும் எழுதினார்.

மீண்டும் பன்னிரண்டாவது கட்டில். இப்போது மகனை மறுக்க வேண்டியதில்லை. ஒரு “இல்லை” போதும், பன்னிரண்டு நிறைந்துவிடும், மடம் பிழைத்துவிடும். பரிசோதகரின் முதுகுக்குப் பின்னால் கமலாசனியோடு நின்று விதானையார் இரண்டு கையையும் கூப்பிக் கெஞ்சினார். சொல்லுங்கோ மாமி, சொல்லிவிடுங்கோ என்று கமலாசனி மனதுக்குள் மன்றாடினாள்.

“ஆதரவு?”

அன்னப்பிள்ளை வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்தாள். “உங்களுக்குப் பின்னாலை நிக்கிறாளே, அவள்.”

“மேற்பார்வைக்காரியோ? அவா எல்லாருக்கும் தானே.”

“எனக்கு மருமகள். பகல் முழுக்க இஞ்சை உவையைத் தூக்கி நிமித்திப்போட்டு வந்து, பின்னேரம் என்ரை காலுக்கு எண்ணெய் போடுறவள். ஒருநாள் விட்டதில்லை. நானும் ஒருநாள் நல்ல சொல் சொன்னதில்லை.” கிழவி ஒருமுறை செருமினாள். “அரசாங்கத்துக்கு ஆயிரம் பொய் சொல்லலாம், ஐயா. இவளை முன்னாலை வைச்சுக்கொண்டு எனக்கு ஒருத்தருமில்லையெண்டு சொல்ல என்ரை நாக்கு வராது.”

கமலாசனிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடம் மூழ்கப்போகிறது, அவளோ மாமியைக் கட்டிப்பிடிக்க ஆசைப்பட்டுக்கொண்டு நிற்கிறாள்! முன்னே வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். யாகப்பு, அம்பா பாட்டு, பன்னிரண்டு நாள், பதிவுப் புத்தகத்தில் தன் கையால் எழுதிய பொய்.

“விலகினாரெண்டு நான்தான் எழுதினனான், ஐயா. பிழை என்ரை.”

“அந்த யாகப்பு திரும்பி வருவாரோ?”

“எப்பவும் வாறவர், ஐயா.”

“எப்ப?”

கமலாசனி றோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பரிசோதகர் மணிக்கூட்டைப் பார்த்தார். “பதினொண்டு பேரை வைச்சு நான் பதிய ஏலாது. இண்டைக்கு எழுதுறதுதான் கடைசி.” கடதாசிக் கோவையை மூடினார். எழுந்தவர் பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி இருந்தார். “ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். குடிச்சு முடியும் மட்டும் இருப்பன்.”

இதற்கு மேல் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தவராசா விதானையாரின் சைக்கிளைப் பறித்துக்கொண்டு முல்லைத்தீவு றோட்டில் பறந்தான். கமலாசனி தேநீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்தாள், வாய் வைத்தால் தோல் உரியும் சூடு. இலட்சுமி ஆச்சி வாழைப்பழம் உரித்து நீட்டினாள். ஏரம்பர் கட்டிலை விட்டிறங்கி வந்து, குளம் உடைந்த வருடத்துக் கதையைத் தொடங்கினார். வழக்கமாக அந்தக் கதை வந்தால் மடமே எழுந்து ஓடும். அன்று எல்லாரும் “பிறகு? பிறகு?” என்று கேட்டார்கள். பரிசோதகர் ஊதி ஊதிக் குடித்தார். தேநீர் ஆறி ஆடை படர்ந்த பிறகும் அவர் ஊதிக்கொண்டிருந்ததைக் கமலாசனி கண்டாள்.

கோப்பையில் கால்வாசி மிஞ்சியிருந்தபோது வெளியே சைக்கிள் மணி கேட்டது. விட்டு விட்டு அல்ல, ஒரே பிடியாக.

சைக்கிளின் முன் பாரில், கால் இரண்டையும் அகட்டிக்கொண்டு, யாகப்பு! ஒரு கையில் ஓலைக் குட்டான், அதற்குள் சூடை மீன். மடம் போட்ட கூச்சலில் பாலை மரத்து மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. “முறிகண்டிப் பிள்ளையாரே!” என்றாள் அன்னப்பிள்ளை. “மாதாவே!” என்று எதிர்ச் சுவர்ப் பக்கமிருந்து யாரோ சொன்னார்கள்.

“ரெண்டாங் கட்டையிலை நடந்து வாறார்” என்று தவராசா மூச்சு வாங்கினான். “விடியப்புறம் வெளிக்கிட்டவராம்.”

“வெள்ளிக்கிழமையெண்டு சொல்லி அனுப்பினனீங்களெல்லோ” என்றார் யாகப்பு. “ஐயா வந்திட்டாரோ?”

“வெள்ளிக்கிழமையெண்டு தெரிஞ்சே மீன் கொண்டு வந்தனீர்?” என்றார் பரிசோதகர், கோவையைத் திறந்தபடி. “பேர்?”

“யாகப்பு!”

“பிள்ளையள்?”

கிழவர் நெஞ்சை நிமிர்த்தினார். மடத்துக்கு வந்த நாளிலேயே அவருக்கு விதானையார் படிப்பித்திருந்தார், மறந்துவிடவில்லை. “ஒருத்தருமில்லை, ஐயா!”

மடம் வெடித்துச் சிரித்தது. “உண்மையைச் சொல்லும் காணும்!” என்று ஏரம்பர் கத்தினார். “எல்லாம் சொல்லியாச்சு!”

யாகப்பு மங்கிய கண்ணால் ஒவ்வொரு பக்கமாய்ப் பார்த்தார். “நாலு பேர்” என்றார் மெதுவாக. “அவங்கடை கடற்கரை வாடியிலைதான் இவ்வளவு நாளும் நிண்டனான்.”

“ஆதரவு?”

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை போலும். குட்டானைக் கீழே வைத்தார். “பத்துக் கட்டை நடந்து இஞ்சை வந்திட்டன், ஐயா. பிறகென்ன கேள்வி?”

பரிசோதகர் ஆதரவு என்ற இடத்தில் “மடம்” என்று எழுதினார். பன்னிரண்டு என்று போட்டு அடியில் கோடு இழுத்தார். பதிவுப் புத்தகத்தைக் கமலாசனி பக்கம் தள்ளி, “விலகினார் எண்டதை வெட்டுங்கோ, அவருக்கு முன்னாலை” என்றார். “மணலையும் மாத்துங்கோ.”

பின்னேரம் வண்டில் வீட்டு வாசலில் நின்றது. கமலாசனிக்கு இன்னும் காதில் ஆரவாரம் ஓயவில்லை. அன்னப்பிள்ளை வழி முழுக்கத் தலகணியை மடியில் வைத்துக்கொண்டு வேலியையே பார்த்து வந்தாள்.

தவராசா மாட்டை அவிழ்க்கப் போனான். கமலாசனி குதித்திறங்கி, வழக்கம்போலக் கிணற்றடிக்குத் திரும்பினாள்.

“எங்கை போறாய்?” என்றாள் அன்னப்பிள்ளை, வண்டிலில் இருந்தபடி.

“முழுகிப்போட்டு ஓடி வாறன், மாமி. வந்து இறக்கிறன்.”

கிழவி கையை நீட்டினாள்.

“முதல் என்னைப் பிடி” என்றாள். “முழுக்கு எங்கையும் ஓடாது.”